வடக்கு வெளிச்சம்

மே 9, 2021. ஞாயிறு

நாளை முதல் ஊரடங்கு. திருப்பூர் மொத்தமும் மளிகைக் கடை வாசலில் நிற்கிறது, ஒருவர் கழுத்தில் ஒருவர் மூச்சு விட்டபடி. நோய் பரவாமல் இருக்கக் கடையை மூடப் போகிறார்கள். அதனால் இன்றே எல்லோரும் ஒன்றாகக் கூடி நோயை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் இந்த ஊர் உலகத்துக்கெல்லாம் பனியன் விற்கிறது.

சாயப்பட்டறையில் முப்பத்தொரு வருடம் டையிங் மாஸ்டராக இருந்தவன் நான். ஒரே மஞ்சளில் இரண்டு லாட், அதாவது தனித்தனியாக இரண்டு தடவை சாயம் போட்ட துணியைக் கொண்டுவந்து காட்டினால் எதில் சிவப்பு ஒரு துளி கூடியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். மெஷின் பிறகுதான் சொல்லும். தினமும் லாட் விவரம் எழுதிய கை, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் இந்த டைரி.

சாயங்காலம் மச்சினன் குழந்தைவேலு வந்து சேர்ந்தான். என் மனைவி மயிலாத்தாளுக்கு ஒரே தம்பி. போர்வெல் ரிக் வண்டியோடு ஆந்திரா, ஒடிசா என்று சுற்றுகிறவன். வண்டி ஓடாதாம், தங்கியிருந்த அறையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். கையில் ஒரு பை. அதைக் கீழே வைத்தபோது கண்ணாடி உரசும் சத்தம். இரண்டு வருடத்துக்கு முன் மஞ்சள் காமாலை வந்து பிழைத்தவன், திருந்தவில்லை.

“என்னுங்க மச்சான், சௌக்கியமுங்களா?”

“மாடி ரூமுக்குப் போ. கையக் கழுவாம எதையும் தொடாத.”

நான் சொல்லி முடிப்பதற்குள் மயிலாத்தாள் டீயோடு வந்துவிட்டாள். தம்பி என்றால் அவளுக்குக் கால் தரையில் நிற்காது.

மே 12

குழந்தைவேலு இருமுகிறான். ஊரிலிருந்து கொண்டுவந்தது பாட்டில் மட்டும் இல்லை போலிருக்கிறது. மயிலாத்தாள் அவனுக்கு ரசம் கொண்டுபோவதும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுமாக இருக்கிறாள். சொன்னால் கேட்க வேண்டுமே. இன்று அவளுக்கும் உடம்பு சுடுகிறது.

மாநகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து மூவர் மூக்கிலும் குச்சி விட்டுப் போனார்கள். விண்வெளிக்குப் போகிறவர்களைப் போல உடை, காலில் மட்டும் ரப்பர் செருப்பு.

மே 14

அக்காவுக்கும் தம்பிக்கும் கொரோனா. எனக்கு இல்லை. எல்லாவற்றிலும் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று அவர்கள் அம்மா சொல்லிக்கொடுத்திருப்பாள்.

வாசல் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. எதிர்வீட்டுக்காரர், போன வருடம் கிருமியை விரட்டத் தட்டைத் தட்டோ தட்டென்று தட்டியவர், இன்று எங்கள் பக்கத்து ஜன்னலையே சாத்திக்கொண்டார். கிருமிக்குக் காது கிடையாது என்று அவருக்கு யார் சொல்வது.

மயிலாத்தாளை மேற்கு அறையில் படுக்க வைத்தேன். அந்த அறை ஜன்னலுக்கு மாம்பழ மஞ்சளில் ஒரு திரை தொங்குகிறது. பட்டறையில் நான் தள்ளுபடி செய்த லாட். வாங்குகிறவன் கேட்ட மஞ்சள் வேறு, வந்த மஞ்சள் வேறு. முதலாளி கெஞ்சினார், நான் ஓகே போடவில்லை. வீணான துணியில் ஆறு மீட்டரை மயிலாத்தாள் கேட்டு வாங்கித் திரை தைத்துக்கொண்டாள். “எங்கண்ணுக்கு ரெண்டும் ஒரே மஞ்சளாத்தானுங்க தெரியுது” என்றாள் அன்றைக்கு. அக்காவும் தம்பியும் அதிலும் ஒன்றுதான். அவனுக்கு நீலத்துக்கும் பச்சைக்குமே வித்தியாசம் தெரியாது.

போனில் பேசிய டாக்டர் காய்ச்சல் மாத்திரையும் வைட்டமினும் சொன்னார். அவ்வளவுதானாம். உலகமே முடங்கிக் கிடக்கிறது, வைத்தியம் என்னவென்றால் காய்ச்சல் மாத்திரை!

மே 15

இனி வைத்தியம் என் பொறுப்பு. பின்சுவரில் சீந்தில் கொடி காடாக ஏறிக் கிடக்கிறது. எங்கிருந்தோ முளைத்தது, நான்தான் வெட்டாமல் விட்டிருந்தேன். பட்டறை ஆட்களின் வாட்ஸப் குழுவில் எவனோ செய்முறை அனுப்பியிருந்தான். அரைகுறை. தண்ணீருக்கும் கொடிக்கும் விகிதமே இல்லை. விகிதம் இல்லாமல் எதைக் காய்ச்சுவது? நான் கொடியை எடைபோட்டு, விரல் நீளத்துக்கு நறுக்கி, தட்டி, நிலவேம்பும் மிளகும் அதிமதுரமும் சேர்த்து, தண்ணீர் எட்டில் ஒரு பங்காக வற்றும்வரை அடுப்பை விட்டு நகரவில்லை. சூட்டை ஒரே சீராக ஏற்ற வேண்டும். அதில்தான் எல்லாமே இருக்கிறது. சாயத்துக்கும் இதேதான்.

மயிலாத்தாள் அறை வாசலில் வந்து நின்று முகக்கவசத்துக்கு மேலே கண்ணை விரித்துப் பார்த்தாள். “அடுப்படில நீங்களா?”

“ஏன், அடுப்பு என்ன உன்ற பேர்ல பட்டாவா? போய்ப் படு.”

இருவருக்கும் ஆளுக்கொரு டம்ளர். நான் தரம் பார்க்க ஒரு ஸ்பூன் நாக்கில் வைத்தேன். நோயில்லாதவனுக்கு அது போதும்.

மே 16

முழு டம்ளரும் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். வேலை செய்கிறது.

மே 18

குழந்தைவேலுவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. மாடியிலிருந்து சினிமாப் பாட்டு கேட்கிறது. ஈரலைச் சாராயத்தில் ஊறப்போட்டவன், இத்தனை சீக்கிரம் எழுந்து பாடுகிறான் என்றால் அது யாருடைய வேலை? பட்டறைக் குழுவில் இதை எழுதிப் போட்டேன். எல்லோரும் கும்பிடும் படம் அனுப்பினார்கள். நன்றி சொல்லக்கூட ஒரு வரி எழுதத் தெரியாத கூட்டம்.

இருவருக்கும் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் போனில் சொன்னார்: “ரெண்டு பேருக்கும் ஈரல் டெஸ்ட் கொஞ்சம் ஏறியிருக்குங்க சார். பயப்பட வேண்டாம். இந்தக் கிருமி நுரையீரலோட நிக்கறதில்ல, நெறையப் பேருக்கு ஈரலையும் லேசாத் தொட்டுட்டுத்தான் போகுது. தானா எறங்கிரும். நீங்களா வேற எதையும் குடுத்துராதீங்க.”

தானாக இறங்குமாம். லாட் ஷேடு தவறிவிட்டால் தானாகச் சரியாகும் என்று நான் கைகட்டி உட்கார்ந்திருந்தால் என் பட்டறை ஒரே வருடத்தில் பூட்டியிருக்கும். ஈரலைக் கழுவ சீந்திலை விட வேறென்ன இருக்கிறது? ஒரு சதவீதச் சாயத்தில் நிறம் பிடிக்கவில்லை என்றால் இரண்டு சதவீதம் ஏற்றுவோம். கொடியை இரட்டிப்பாக்கினேன். காலை ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர்.

மே 21

மயிலாத்தாளுக்குக் காய்ச்சல் இல்லை. ஆனாலும் எழுந்து நடமாட மனசில்லை. கிடைத்த ஓய்வை விடுவானேன் என்று நினைக்கிறாள் போல. தாளிக்கிற வாசம் வந்தால் குமட்டுகிறதாம். குழந்தைவேலு மாடியிலிருந்து இறங்கி வந்து கஞ்சி வைக்கிறான். உப்பு ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இல்லை. நான் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு விழுங்குகிறேன். அவள் இரண்டு வாய்க்கு மேல் எடுப்பதில்லை. கஷாயத்தை மட்டும் கொடுத்தால் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிடுகிறாள். கசப்பில் கண்ணில் தண்ணீர் வருகிறது. “அவ்வளவுதானுங்களா?” என்று டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுகிறாள். முப்பத்து மூன்று வருடத்தில் நான் சொன்ன ஒன்றை அவள் மறுபேச்சில்லாமல் கேட்பது இதுதான்.

மே 23

நாள் முழுக்கக் கையையும் காலையும் சொறிகிறாள். கொசு. மாநகராட்சிக்காரனுக்கு நோட்டீஸ் ஒட்டத் தெரிகிறது, சாக்கடைக்கு மருந்தடிக்கத் தெரியவில்லை. கொசுவர்த்தி ஏற்றி வைத்தேன்.

குழந்தைவேலு பின்னாலேயே வந்தான்.

“மச்சான், அக்கா கண்ணு மஞ்சளாக் கெடக்குதுங்க.”

“மஞ்சத் திரை போட்ட ரூம்ல படுத்திருக்கறா. வெயில் அதுல பட்டு விழுகுது. வேற எப்படித் தெரியும்?”

“இல்லீங்க மச்சான். எனக்கு வந்தப்பவும் இப்படித்தானுங்க, சோறு புடிக்காது, ஒடம்பெல்லாம் அரிக்கும். ஒன்னுக்குப் போறது டீத்தண்ணியாட்டம் போகுதுன்னு அக்காவே சொல்லுது.”

“தண்ணி குடிக்கலீன்னா அப்படித்தான் போகும். நிறத்தப் பத்தி எனக்கு நீ சொல்றயா?”

தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். திரும்பி விழும் வெளிச்சத்தில் நிறம் பார்க்கக் கூடாது என்பது பட்டறையில் நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும். ட்யூப்லைட்டில் பார்க்கக் கூடாது, மஞ்சள் பல்பில் பார்க்கக் கூடாது, பக்கத்தில் வேறு நிறத்துணி இருக்கக் கூடாது. பகலில், வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் நிறம். இவன் ஊருக்கெல்லாம் காமாலை பார்க்கக் கிளம்பிவிட்டான்!

மே 25

மஸ்கட்டிலிருந்து மகள் இந்துமதி வீடியோவில் வந்தாள். எடுத்தவுடனே, “ஏம்ப்பா, அம்மா மூஞ்சி மஞ்சளா இருக்குது?”

போன் கேமராவை நம்பி நிறம் பேசுகிறாள். என் மகள்! அந்தக் கேமராவில் என் வெள்ளை வேட்டியே ரோஸ் நிறத்தில்தான் தெரியும். இதைச் சொன்னேன். “நல்ல வெளிச்சத்துல கூட்டிட்டு வந்து பாருங்கப்பா” என்றாள். “சரி கண்ணு” என்றேன்.

மயிலாத்தாள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மே 26

பார்த்தேன்.

மே 27

நேற்று எழுத முடியவில்லை. இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்றுக் காலையில் அவளாகவே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, பின்வாசலுக்கு முகம் கழுவ வந்தாள். பின்வாசல் வடக்குப் பார்த்தது. நான் அங்கேதான் கொடி நறுக்கிக்கொண்டிருந்தேன். மேகமூட்டம், நேர் வெயில் இல்லை. நிறம் பார்க்க இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. அவள் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுத் துண்டுக்காக என் பக்கம் திரும்பினாள். வெள்ளைத் துண்டு. அதற்குப் பக்கத்தில் அவள் கண்.

நான் தள்ளுபடி செய்த அதே மஞ்சள். ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“என்னுங்க அப்படிப் பாக்கறீங்க?” என்றாள்.

குழந்தைவேலுவைக் கூப்பிட்டேன். எந்த ஆஸ்பத்திரியில் இடம் இருக்கும், எந்த ஆம்புலன்ஸ்காரன் போனை எடுப்பான் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிகிறது. குடிகாரர்களுக்கு ஊர் முழுக்க சிநேகிதம்.

கொரோனா இப்போது இல்லையாம். காமாலைதான், அதுவும் கடுமையாக. டாக்டர் ஒரு சின்னப் பெண். ஸ்கூட்டர் ஓட்ட லைசென்ஸ் கொடுத்திருப்பார்களா என்றே சந்தேகம். கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“கொரோனா ஈரலத் தொடும் சார், அது உண்மைதான். ஆனா கிருமி மட்டுமே இவ்வளவு பண்றது அபூர்வம். வேற ஏதாவது சேந்திருக்கணும். மஞ்சக்காமாலைக் கிருமி இருக்கான்னு பாக்கறோம். வேற மாத்திர, நாட்டு மருந்து, எதாவது எடுத்தாங்களா?”

“போன்ல டாக்டர் சொன்ன மாத்திரதான். வேற மருந்து ஒன்னுமில்ல.”

கஷாயம் மருந்தில் சேராது. மிளகு மருந்தா, அதிமதுரம் மருந்தா? கொல்லையில் விளைந்ததைக் காய்ச்சிக் குடிப்பதையெல்லாம் இந்தப் பெண்ணிடம் சொன்னால் உடனே அதன் மேல் பழியைப் போட்டுவிட்டு வேலையை முடித்துக்கொள்வாள். படித்துவிட்டு வருகிறவர்களுக்கு நம் கொல்லையில் இருப்பதெல்லாம் விஷம்.

இந்துமதி போனில் அழுதாள். கொரோனா ஈரலைத் தாக்கும், டாக்டரே சொல்லிவிட்டார் என்று விளக்கினேன்.

மே 29

பிளாஸ்கில் கஷாயம் கொண்டுபோகிறேன். இங்கே கொடுப்பது குளுக்கோஸும் ஊசியும். ஈரலுக்கென்று ஒரு சொட்டுகூட இல்லை. வெந்நீர் என்று சொன்னால் வார்டு நர்ஸ் விட்டுவிடுகிறாள். அந்தக் கண்காணிப்பு லட்சணம்!

மயிலாத்தாள் பாதி குடித்துவிட்டு, “மீதிய அப்பறமேட்டுக்குக் குடிச்சுக்கறனுங்களே” என்றாள். இதுவரை அப்படிச் சொன்னதில்லை. பிடித்து உட்கார வைத்து முழுவதையும் கொடுத்தேன். உதட்டோரம் வழிந்ததை என் துண்டால் துடைத்தேன். கை எடை இல்லாமல் இருக்கிறது.

காமாலைக் கிருமிப் பரிசோதனையில் எதுவும் இல்லையாம். இரத்தத்தில் காமாலை அளவு நேற்றைவிட ஏறியிருக்கிறது. ஏன் ஏறுகிறது என்று டாக்டர் பெண்ணுக்கே புரியவில்லையாம். புரியவில்லை என்று சொல்வதற்குத்தான் கழுத்தில் அந்தக் குழாய்.

மே 30

என்னைப் பார்த்து “இந்து எப்ப வந்தா?” என்று கேட்டாள். இந்துமதி வரவில்லை.

மே 31

டாக்டர் கூப்பிட்டாள். குழந்தைவேலுவும் கூட வந்தான்.

“இரத்தம் உறையறதுக்கு எடுக்கற நேரம் கூடிட்டே போகுது சார். இப்ப நெனவும் தடுமாறுது. இதே மாதிரி இன்னும் ரெண்டு நாள் போனா நாங்க வெச்சுக்க முடியாது, கோயமுத்தூருக்கு அனுப்பணும். அங்கயும் வேற ஈரல் வெச்சாத்தான் பொழைப்பாங்கங்கற நெலம வந்தாலும் வரும். மனசத் தயாரா வெச்சுக்கங்க.”

வெளியே வந்து போர்டிகோ ஓரமாக நின்றோம். கையில் பிளாஸ்க். குழந்தைவேலு சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“முத்திப்போனா வேற ஈரல் வெப்பாங்கன்னு வார்டுல பேசிக்கிட்டாங்க, நேத்தே டாக்டரம்மாகிட்டக் கேட்டனுங்க மச்சான். என்ற ஈரல எடுத்துக்குங்கன்னு. நீங்க குடிக்கறவரு, ஏற்கனவே காமாலை வந்தவரு, ஆகாதுன்னுட்டாங்க.”

நான் சிரித்துவிட்டேன். இவன் ஈரலை வைத்து என்ன செய்வார்கள், ஊறுகாயா போடுவார்கள்? சிரித்துக்கொண்டே இருந்தபோதுதான் தோன்றியது: என் ஈரல் நல்ல ஈரல். ஒரு சொட்டு படாதது. அதைக் கொடுக்கிறேன் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

அவன் பிளாஸ்கைப் பார்த்தான். “அதென்னுங்க?”

“கஷாயம்.”

“அதையா இன்னும் குடுக்கறீங்க?”

“ஏன்டா? உன்ன எழுப்பி உக்கார வெச்சதே இதுதான்.”

“நா எங்கீங்க குடிச்சேன்? மொத நாள் ஒரு வாய் வெச்சதும் தொண்ட எரிஞ்சு போச்சுங்க. துப்பிப்போட்டேன். அப்பறம் நீங்க குடுக்கறதையெல்லாம் பாத்ரூம்ல ஊத்திப்போட்டு டம்ளரக் கழுவிக் குடுத்துருவனுங்க. சொன்னா நீங்க வைவீங்கன்னுதான்...”

லாட் தவறிப்போனால் பட்டறையில் முதலில் செய்வது ஒன்றுதான். தவறாத லாட்டைப் பக்கத்தில் வைப்போம். நூல் ஒன்றா? ஒன்று. தண்ணீர் ஒன்றா? ஒன்று. மெஷின் ஒன்றா? ஒன்று. அப்படியானால் இதில் மட்டும் கூடுதலாகப் போட்டது என்ன? போட்டவன் எவன்?

ஒரே கிருமி. ஒரே வீடு. ஒரே கஞ்சி. ஒருவன் குடிகாரன், காமாலை வந்தவன், அவன் எழுந்து நடக்கிறான். இன்னொருத்திக்குத் தலைவலி மாத்திரை போடும் பழக்கம்கூடக் கிடையாது.

எத்தனையோ ஆட்களை இந்தக் கேள்வி கேட்டு அழ வைத்திருக்கிறேன். “போட்டவன் எவன்டா?”

திரும்ப உள்ளே போனேன். சொன்னேன். கொடியின் எடை, தண்ணீர், எட்டில் ஒரு பங்கு, இரட்டிப்பாக்கியது, இரண்டு வேளை, ஆஸ்பத்திரிக்குள்ளேயும் கொடுத்தது. பெருமையாக எவனிடமாவது சொல்ல வேண்டும் என்று நான் சேர்த்து வைத்திருந்த கணக்கெல்லாம். டாக்டர் நடுவில் குறுக்கிடவில்லை. பிளாஸ்கை வாங்கித் திறந்து முகர்ந்தாள்.

“இத மொத நாளே கேட்டனே சார்.”

“மருந்து குடுத்தீங்களான்னு கேட்டீங்க. இது மருந்தில்லைன்னு நெனச்சேன்.”

“மருந்தில்லைன்னா எதுக்கு சார் குடுத்தீங்க?”

அவள் கையிலிருந்த பிளாஸ்கை வாங்கி மூடினேன்.

“இந்தக் கொடி எல்லாருக்கும் இப்படிப் பண்ணாது. சில பேருக்கு ஈரல் தாங்காது. உங்க வீட்டம்மாவுக்கு ஏற்கனவே கிருமி தொட்ட ஈரல், அதுல இவ்வளவு கெட்டியா, இத்தன நாள்” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருக்கலாம்.

வாஷ்பேசினில் பிளாஸ்கைக் கவிழ்த்தேன். கெட்டியாக இறங்கியது. நல்ல சீரான கஷாயம்.

ஜூன் 1

அளவு நேற்றைப் போலவே.

ஜூன் 2

ஏறவில்லை. இறங்கவும் இல்லை. கோயமுத்தூர் இன்னும் ஒரு நாள் தள்ளி. என் இரத்தத்தின் வகையை எழுதிக் கொடுத்திருக்கிறேன், தேவைப்பட்டால் என் ஈரலை எடுத்துக்கொள்ளட்டும் என்று. அவளுடையதும் என்னுடையதும் வேறு வகையாம். கல்யாணத்தின்போது ஜாதகம் பார்த்தவன் இதைப் பார்க்கவில்லை, முட்டாள்.

ஜூன் 4

இரத்தம் உறையும் நேரம் குறைந்திருக்கிறது. டாக்டர் முதல்முறையாகச் சிரித்தாள். சிரிக்கும்போது இன்னும் சின்னப் பெண்ணாகத் தெரிகிறாள். இந்துமதியைவிட வயது குறைவாகத்தான் இருக்கும்.

மயிலாத்தாள் என்னைப் பார்த்து, “சேவ் பண்ணிட்டு வரக்கூடாதுங்களா?” என்றாள். நினைவு சரியாகிவிட்டது.

ஜூன் 5

இந்துமதிக்கு உண்மையைச் சொன்னேன். “அம்மாகிட்டச் சொன்னீங்களா?” என்றாள். இல்லை என்றேன். வைத்துவிட்டாள்.

ஜூன் 17

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். மஞ்சள் முழுக்கப் போக இன்னும் வாரங்கள் ஆகுமாம். மேற்கு அறைத் திரையைக் கழற்றிவிட்டேன். பின்சுவர்க் கொடியைக் குழந்தைவேலுவும் நானும் வேரோடு பிடுங்கினோம். வேர் சுவருக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது! காரை பெயர்ந்து விழுந்துவிட்டது. அவனுக்குக் கை நடுங்குகிறது. வந்த அன்றைக்குக் கொண்டுவந்த பை காலியாகி எத்தனையோ நாளாகிவிட்டது, டாஸ்மாக் கடையும் திறக்கவில்லை. திறந்தால் போவான். அவன் யோக்கியதை எனக்குத் தெரியும்.

மயிலாத்தாள் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக நாங்கள் கொடி பிடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் அவளிடம் சொல்லிவிட்டேன். நான் காய்ச்சியதுதான் உன்னை இப்படிப் பண்ணியது என்று.

“தெரியுமுங்க” என்றாள்.

“டாக்டர் சொன்னாளா?”

“யாருஞ் சொல்லலீங்க. நாலஞ்சு நாள்லயே தெரிஞ்சுது. அதக் குடிச்சாத்தான் பொரட்டிட்டு வரும். குடிக்காத நேரம் கொஞ்சம் தேவலையா இருக்கும்.”

“தெரிஞ்சுமா குடிச்ச? உன்ற தம்பியாட்டம் கீழ ஊத்திருக்கலாமல்ல?” என் குரல் ஏறிவிட்டது. “வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னா நான் என்ன உன்னக் கடிச்சுத் தின்னுருவனா? எல்லாத்துக்கும் எதுத்துப் பேசற வாய், இதுக்கு மட்டும் எங்க போச்சு?”

அவள் போர்வை நுனியை மடித்து மடித்து விரித்தாள்.

“கல்யாணமாகி இத்தன வருசத்துல நீங்க அடுப்படிக்கு வந்து, எனக்குன்னு ஒன்னு வெச்சுக் குடுத்தது அதுதானுங்க. இந்து பொறந்தப்பக்கூட ஒரு சுடுதண்ணி வெச்சுக் குடுத்ததில்ல. எப்படிங்க கீழ ஊத்தறது?”



ஜூன் 18

காப்பி போட்டேன். அவள் கட்டிலிலிருந்தே சொல்லச் சொல்ல: பால் பொங்குனதும் எறக்குங்க, சர்க்கரை அரை ஸ்பூன், அவ்வளவு தூளா போடுவாங்க. இரண்டு டம்ளர் ஊற்றினேன். முதல் டம்ளரை அவள் கண் முன்னாலேயே நின்று முழுதாகக் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து, பிறகு அவளுடையதைக் கொடுத்தேன்.

“ஆறியே போச்சுங்க” என்றாள். குடித்தாள்.

ஜூன் 22

தினமும் காலையில் பின்வாசல் படியில் அவளை உட்கார வைத்து, பட்டறையிலிருந்து கொண்டுவந்த வெளுத்த துணித் துண்டைக் கன்னத்தில் ஒட்டிப் பிடித்து, கண்ணைப் பார்க்கிறேன். இன்னும் எலுமிச்சை மஞ்சள் ஓடுகிறது. அவளுக்குக் கழுத்து வலிக்கிறதாம். “கண்ணுல வெளக்கெண்ண ஊத்திட்டுப் பாக்கறீங்களே, அன்னைக்கே பாத்திருந்தா என்னவாம்” என்றாள். நியாயமான கேள்வி. துணியை மடித்து வைத்தேன்.

ஜூலை 6

டாஸ்மாக் கடை நேற்றுத் திறந்தது. குழந்தைவேலு காலையிலேயே வெளியே போனான். நான் நினைத்தபடியே ஆகிவிட்டது என்று எனக்கு ஒரு திருப்தி. பத்து மணிக்குத் திரும்பி வந்தான், கையில் ஒரு கட்டுக் கீரை. நாளைக்கு என்ன வாங்கி வருவான் என்று யாருக்குத் தெரியும்? இன்றைக்குக் கீரை.

இரத்தப் பரிசோதனை சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்னாள். காகிதம் ஆயிரம் சொல்லும்.

அவளைப் படியில் உட்கார வைத்தேன். மேகமூட்டம், நல்ல வெளிச்சம். துணியைக் கன்னத்தில் வைத்தேன். வெள்ளைக்கு வெள்ளை. இன்னொரு முறை பார்த்தேன். அதேதான். ஓகே எழுதப் பேனாவை எடுத்தவன், எழுதவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவனைக் கூப்பிட்டேன்.

“குழந்தவேலு, இங்க வந்து உங்கக்கா கண்ணப் பாரு. என்ன கலரு?”

என்னை ஒரு மாதிரி பார்த்தான். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தான். அக்கா தம்பியைப் பார்த்துச் சிரித்தாள்.

“வெள்ளையாத்தானுங்க மச்சான் இருக்குது.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“வெள்ளதானுங்க.”

ஓகே.